தானமும் வரிக்கழிவும்: இல்லறத்தார் அறிய வேண்டியன

இல்லறத்தார்க்குரிய நற்செயல்களுள் தானம் சிறந்த ஒன்றாகும். ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என அது நால்வகைப்படும் என்பதை நம் குழந்தைகளும் அறிவர். பசித்தவர்க்கு உணவு, பிணியுற்றவர்க்கு மருந்து, கற்பவர்க்கு நூல், அஞ்சி நிற்கும் உயிர்க்கு அடைக்கலம் என்னும் இந்நான்கும் கொடுப்பவரின் பற்றைக் குறைத்துப் பெறுபவரின் துன்பத்தைத் தீர்ப்பன. இவற்றுள் எதற்கும் அரசின் ஒப்புதல் தேவையில்லை, இரசீதும் தேவையில்லை.

ஆயினும் நாம் அரசுக்கு வரி செலுத்தும் குடிமக்களாகவும் இருக்கின்றோம். வருமான வரிச் சட்டம் சில நன்கொடைகளைக் கணக்கில் கொண்டு, கொடுத்தவரின் வரியைக் குறைக்கின்றது. சிலவற்றைக் கணக்கில் கொள்வதில்லை. எது எவ்வகை என்பதைத் தெளிவாக அறியாமையால் நம் குடும்பங்களில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. ஒன்று, உரிய கழிவைக் கோராமல் விடுதல். மற்றொன்று, உரிமையில்லாத கழிவைக் கோரிவிட்டு, பின்னர் வரித்துறையின் அறிவிப்பு வரும்போது விடை கூற இயலாது தவித்தல். முன்னது பொருளிழப்போடு முடியும். பின்னதோ, பொய்யுரையாமை என்னும் நம் விரதத்திற்கே ஊறு செய்யும். இவ்விரண்டிலிருந்தும் காத்துக்கொள்ளும் அளவுக்கேனும் சட்டத்தை அறிந்துகொள்வது நலம் எனக் கருதி இப்பாடத்தை எழுதுகின்றோம்.

சட்டம் வந்த வழி

புதுவைப் பகுதி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 1963 ஏப்ரல் 1 முதல் புதுவைக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆகவே, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் நம் உறவினர்க்கும், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் வாழும் நமக்கும் இதில் வேறுபாடு சிறிதும் இல்லை.

அச்சட்டத்தின் 80ஜி பிரிவே நன்கொடைக் கழிவைக் கூறுவது. அதற்கு மாற்றாக 2025ஆம் ஆண்டில் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியதென விதிக்கப்பட்டது. அதில் இக்கழிவு 133ஆம் பிரிவில் இடம்பெறுகிறது. எண் மாறினும் அடிப்படை மாறவில்லை. 80ஜி என்னும் பெயரே மக்கள் நாவில் பழகியிருப்பதால் நாமும் இக்கட்டுரையில் அப்பெயரையும் பழைய பிரிவு எண்களையுமே கையாளுகின்றோம்.

ஓர் ஊர்த் திருவிழாவைக் கொண்டு விளக்கம்

அரியாங்குப்பத்தை அடுத்த கடற்கரை ஊராகிய வீராம்பட்டினத்தைப் புதுவையில் அறியாதார் இலர். பழைய வாணிகத் துறையாகிய அரிக்கமேடு அதன் அண்டையில் உள்ளது. ஆடி மாதத்தில் அவ்வூர்ச் செங்கழுநீரம்மன் கோயிலின் தேர் ஓடும்போது சுற்றுப்புற ஊர்களெல்லாம் அங்கே திரளும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வடம் பிடித்த வழக்கத்தைத் தொடர்ந்து, இக்காலத்தில் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிக்கின்றனர். எல்லாச் சமயத்தாரும் அறிந்த விழாவாதலின், அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அத்தகைய திருவிழாவில் ஐவர் பொருள் தருகின்றனர் என வைத்துக்கொள்வோம். முதலாமவர் உண்டியலில் 500 ரூபாய் இடுகிறார். இரண்டாமவர் அன்னதானத்திற்கு ஐந்து மூட்டை அரிசி அனுப்புகிறார். மூன்றாமவர் மண்டபத் திருப்பணிக்கு 50,000 ரூபாய்க்குக் காசோலை தருகிறார். நான்காமவர் ஏழை மாணவர்களின் படிப்புக்கென ஒரு கல்வி அறக்கட்டளைக்கு வங்கி வழியாக 10,000 ரூபாய் செலுத்துகிறார். ஐந்தாமவர், கடற்கரை ஊர்களில் குடும்பத்திற்கு இவ்வளவு என ஊர்ப் பஞ்சாயத்து விதிக்கும் தலைக்கட்டு வரியைக் கட்டுகிறார். இவர்களுள் யாருக்கு வரிக்கழிவு உண்டு?

முதலாமவர்க்கு இல்லை. யார் கொடுத்தார் என்பதற்குச் சான்று இல்லாத பொருள் அது. இரண்டாமவர்க்கும் இல்லை. நன்கொடை பணமாக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். அரிசி, துணி, மருந்து, நூல், பொன், நிலம் ஆகியவை எவ்வளவு மதிப்புடையனவாயினும் 80ஜி கழிவு பெறா. மூன்றாமவர்க்கு ஒரு நிபந்தனையின் கீழ் மட்டுமே உண்டு. வரலாறு, தொல்லியல், கலை ஆகியவற்றால் சிறப்புடையது என்றோ, ஒரு மாநிலம் முழுவதும் புகழ்பெற்ற பொது வழிபாட்டிடம் என்றோ மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கோயிலாயின், அதனைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் தரும் பணத்திற்குக் கழிவு உண்டு; அறிவிக்கப்படாத கோயிலாயின் இல்லை. நான்காமவர்க்கு, அந்த அறக்கட்டளை 80ஜி ஒப்புதல் பெற்றிருப்பின், உண்டு. ஐந்தாமவர் செலுத்தியது ஊர்க் கட்டுப்பாட்டின்படி வரியாகலாம். வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் அது வரியுமன்று, கழிவுக்குரிய நன்கொடையுமன்று.

ஐவரும் நல்லதையே செய்தனர். ஆயினும் கழிவுக்கு உறுதியாக உரியவர் ஒருவரே. இதனால் பெறப்படுவது யாது? தானத்தின் உயர்வு தாழ்வைச் சட்டம் அளப்பதில்லை. சான்று காட்டத்தக்க, பொதுநலன் கருதிய, பணவடிவிலான கொடையை மட்டுமே அது காண்கிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

நால்வகைத் தானமும் சட்டமும்

இனி நம் நால்வகைத் தானத்திற்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம்.

முனிவர்க்கும் ஆர்யிகையர்க்கும் நம் இல்லத்தில் அளிக்கும் ஆகார தானத்திற்கு வரிக்கணக்கில் இடமே இல்லை; இருக்கவும் வேண்டுவதில்லை. பொது அன்னதானத்திற்கு அரிசியாகத் தந்தால் கழிவு இல்லை. அதே தொகையை ஒப்புதல் பெற்ற அறக்கட்டளைக்குக் காசோலையாகத் தந்து, அவ்வறக்கட்டளை அரிசி வாங்கி ஏழைகட்குச் சமைத்துப் போட்டால் கழிவு உண்டு. ஔடத தானமும் அவ்வாறே. மருந்தை வாங்கி நோயாளியின் கையில் கொடுத்தால் கழிவு இல்லை. ஒப்புதல் பெற்ற மருத்துவ அறக்கட்டளைக்குப் பணமாகச் செலுத்தினால் உண்டு. சாத்திர தானத்தில் ஒரு நுட்பம் உண்டு. பள்ளி மாணவர்க்குப் பாடநூல் வழங்கும் அறக்கட்டளை பொதுநலன் சார்ந்தது. ஆகம நூல்களை அச்சிட்டு வழங்குவது சமயப் பணி. சட்டம் இரண்டையும் வேறுவேறாகவே காணும். அபய தானமாகிய உயிர்க்காப்பில், கோசாலை நடத்தும் அறக்கட்டளைகள் 80ஜி ஒப்புதல் பெற்றிருப்பின் அவற்றுக்குத் தரும் பணத்திற்குக் கழிவு உண்டு.

கையில் ரொக்கமாகத் தருவதற்கும் வரம்பு உண்டு. ஒரு நன்கொடை 2,000 ரூபாய்க்கு மேற்பட்டு ரொக்கமாக இருப்பின் கழிவு இல்லை. முன்னர் 10,000 ரூபாயாக இருந்த இவ்வரம்பு 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் குறைக்கப்பட்டது. காசோலை, வரைவோலை, வங்கிப் பரிமாற்றம், கைப்பேசி வழிச் செலுத்துதல் ஆகியவற்றுக்கு இத்தடை இல்லை. மேலும், ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2,00,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது எவர்க்கும் தடை செய்யப்பட்டுள்ளது. பஞ்ச கல்யாண விழாக்களில் ஏலம் எடுத்தோர் பெருந்தொகையை ரொக்கமாகத் தர முன்வரும்போது ஆலயப் பொருளாளர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

கழிவைக் கணக்கிடும் முறை

ஒப்புதல் பெற்ற அறக்கட்டளைகளுக்குத் தரும் நன்கொடைக்குப் பொதுவாகக் கழிவு பாதியே, அதாவது 50 விழுக்காடு. அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பிற கழிவுகள் போக எஞ்சிய மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு உட்பட்ட நன்கொடையே கணக்கில் கொள்ளப்படும். பிரதமர் தேசிய நிவாரண நிதி, முதலமைச்சர் நிவாரண நிதி, யூனியன் பிரதேசங்களின் துணைநிலை ஆளுநர் நிவாரண நிதி போன்றவற்றுக்குத் தருவதற்கு உச்சவரம்பின்றி முழுத் தொகைக்கும் கழிவு உண்டு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவரின் வருமானம், பிற கழிவுகள் போக, 8,00,000 ரூபாய். அவர் ஒப்புதல் பெற்ற ஒரு கல்வி அறக்கட்டளைக்கு 1,00,000 ரூபாய் வங்கி வழியாகத் தருகிறார். பத்தில் ஒரு பங்கு 80,000 ரூபாய். எனவே கணக்கில் கொள்ளப்படுவது 80,000 ரூபாய் மட்டுமே. அதில் பாதியாகிய 40,000 ரூபாய் அவருடைய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். பழைய வரி முறையில் அவர் 20 விழுக்காட்டுப் படியில் இருப்பதால், குறையும் வரி 8,000 ரூபாயும், அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வை 320 ரூபாயும் ஆக 8,320 ரூபாய். இலட்ச ரூபாய் கொடுத்தவரின் கையிலிருந்து உண்மையில் சென்றது 91,680 ரூபாய்.

“இலட்சம் கொடுத்தால் இலட்சமும் வரியில் கழியும்” என்று சிலர் எண்ணுவது எவ்வளவு பிழை என்பது இதனால் விளங்கும். கழிவு என்பது வருமானத்திற் கழிவதேயன்றி வரியிற் கழிவதன்று.

புதிய வரி முறையால் நேர்ந்த மாற்றம்

இப்பாடத்தில் மிகவும் கருதத்தக்க பகுதி இதுவே. 2023–24ஆம் நிதியாண்டு முதல், நாம் வேறு முறையைத் தேர்ந்தாலன்றிப் புதிய வரி முறையே நமக்குரியதாகக் கொள்ளப்படுகிறது. புதிய முறையில் வரி விகிதங்கள் குறைவு. ஆனால் 80ஜி கழிவு அறவே இல்லை. எவ்வளவு பெரிய தொகையைத் தந்தாலும், எவ்வளவு செம்மையான இரசீது இருந்தாலும், புதிய முறையில் இருப்போர்க்கு அதனால் வரி ஒரு ரூபாயும் குறையாது. 80ஜி கழிவு வேண்டுவோர், உரிய காலத்திற்குள் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது பழைய முறையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

அவ்வாறு தேர்ந்தெடுப்பது நன்மையா? மேற்காட்டியவரையே எடுத்துக்கொள்வோம். பழைய முறையில், நன்கொடைக் கழிவு போக, அவருடைய வருமானம் 7,60,000 ரூபாய். அதற்கு வரி 64,500 ரூபாய். தீர்வையுடன் 67,080 ரூபாய். புதிய முறையிலோ, 2025–26ஆம் நிதியாண்டு முதல் 12,00,000 ரூபாய் வரை சாதாரண வருமானம் உடைய தனிநபர்க்குத் தள்ளுபடியால் வரியே இல்லை. 8,320 ரூபாயைக் குறைக்கும் பொருட்டுப் பழைய முறைக்குச் சென்றால் 67,080 ரூபாய் வரி கட்ட நேரும். வீட்டுக் கடன் வட்டி, சேமிப்பு, காப்பீடு எனப் பல கழிவுகள் ஒருங்கே உடைய உயர் வருமானத்தார்க்கே பழைய முறை பயன்தரக் கூடும். இரு முறையிலும் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். வணிக வருமானம் உடையோர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ள இயலாதாதலின் அவர்கள் ஆடிட்டரைக் கலந்தே தேர்தல் நன்று.

இதன் பொருள் யாது? ஆசிரியர், எழுத்தர், சிறு வணிகர், உழவர் என நம் சமூகத்தின் நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலோர்க்கு இனி நன்கொடை இரசீதால் வரிப்பயன் இல்லை. “கழிவு இல்லையேல் நன்கொடை எதற்கு?” என்று கேட்பாரும் உளர். வரிச் சட்டம் தோன்றுவதற்குப் பன்னூற்றாண்டுகட்கு முன்பே நம் முன்னோர் குன்றுகளில் பள்ளிகளுக்குக் கற்படுக்கை அமைத்தனர். ஆலயங்களுக்கு நிலமும் விளக்குக்கு நெய்யும் வைத்தனர். அவற்றைக் கல்லில் வெட்டி வைத்தது வரி குறைய வேண்டி அன்று. அறம் தொடர வேண்டியே. அரசின் ஊக்கம் வந்தபோது ஏற்றுக்கொண்டோம். அது நீங்கும்போது தானம் தன் இயல்பான நிலைக்கே திரும்புகிறது என்று கொள்வதே நமக்கு அழகு.

அறக்கட்டளை நடத்துவோர் கவனத்திற்கு

கொடுப்பவர்க்குக் கழிவு இல்லாவிடினும், பெறும் நிறுவனம் தன் ஆவணங்களை ஒழுங்காக வைத்திருத்தல் இன்றியமையாதது. ஏனெனில், அறக்கட்டளையின் சொந்த வருமானத்திற்கே வரி விலக்கு வேண்டுமாயின் அது வரித்துறையில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். இதில் இரண்டு வேறு சான்றுகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, 12ஏபி பிரிவின்படியான பதிவு. இது அறக்கட்டளையின் வருமானத்தை வரியிலிருந்து காப்பது. மற்றொன்று, 80ஜி ஒப்புதல். இது நன்கொடையாளர்க்குக் கழிவு தருவது. முன்னது இருந்தும் பின்னது இல்லாத நிறுவனங்கள் பல. ஆலய அறக்கட்டளைகள் பெரும்பாலும் அத்தகையனவே.

காரணம் இது. முழுதும் சமய நோக்கமுடைய நிறுவனத்திற்கு 80ஜி ஒப்புதல் கிடையாது. அறநிறுவனமாயினும், தன் வருமானத்தில் 5 விழுக்காட்டிற்கு மேல் சமயப் பணிக்குச் செலவிட்டால் அவ்வொப்புதலை இழக்கும். மேலும், ஒரு குறிப்பிட்ட சமயத்தார்க்கோ சாதியார்க்கோ மட்டும் பயன்படும் என்று ஆவணத்தில் எழுதப்பட்ட அறக்கட்டளைக்கும் அவ்வொப்புதல் இல்லை. கல்வி உதவிக்கென நாம் ஓர் அறக்கட்டளை தொடங்கி, “தமிழ்ச் சமண மாணவர்க்கு மட்டும்” என ஆவணத்தில் எழுதினால், நன்கொடையாளர்க்குக் கழிவு கிடைக்காததோடு, அறக்கட்டளையின் சொந்த வரிவிலக்கும் பறிபோகும். ஆலயத்திற்கென அமைந்த பொதுச் சமய அறக்கட்டளைக்கு இத்தடை இல்லை. அது தன் சமூகத்தார்க்கு உரியதாகவே இருக்கலாம். ஒரு குடும்பத்தார் மட்டும் வழிபடும் தனி ஆலயமோ பொது அறக்கட்டளை ஆகாது. அதற்கு இவ்விலக்கு இல்லை.

ஆகவே, ஆலயத்திற்கு ஓர் அறக்கட்டளையும், கல்வி மருத்துவப் பணிகட்கு எல்லார்க்கும் திறந்த வேறோர் அறக்கட்டளையும் எனத் தனித்தனியே வைத்துக்கொள்வது தெளிவான வழி. எல்லார்க்கும் திறந்தது என ஆவணத்தில் எழுதிவிட்டு நடைமுறையில் நம்மவர்க்கே கதவைத் திறப்பது நேர்மையன்று. நம் பள்ளியில் பக்கத்துத் தெருப் பிள்ளையும் பயில்வதால் நம் அறம் குறைந்துவிடாது. சாத்திர தானம் பெறுபவரின் குலம் பார்ப்பதில்லை.

அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் மறவாது செய்ய வேண்டியவற்றைக் கீழே தொகுத்துரைக்கின்றோம்.

1. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பழைய பதிவுகளும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்றானது. அப்போது ஐந்தாண்டுக்கெனப் பெற்ற பதிவுகள் 2026 மார்ச் 31 வரையில் செல்வன. புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலம் முடிவதற்கு ஆறு திங்கள் முன்பே தருதல் வேண்டும். சிறிய அறக்கட்டளைகளுக்கு 12ஏபி பதிவின் காலம் 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் பத்தாண்டாக நீட்டப்பட்டது. இதனை 80ஜி ஒப்புதலின் காலத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. இரு சான்றுகளின் கடைசி நாளையும் அலுவலகச் சுவரில் எழுதி வைப்பது நன்று.

2. 80ஜி ஒப்புதல் உடைய நிறுவனம், தனக்கு நன்கொடை தந்தோரின் பெயர், முகவரி, பான் எண், தொகை ஆகியவற்றை ஆண்டுதோறும் மே 31க்குள் வரித்துறைக்கு அறிவித்து, நன்கொடையாளர்க்குச் சான்று வழங்க வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அறிவிப்பு 10பிடி படிவம், சான்று 10பிஇ படிவம் எனப்பட்டன. நிறுவனம் அறிவிக்கத் தவறினால் நன்கொடையாளர் கழிவை இழப்பார். நிறுவனமும் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் செலுத்த நேரும்.

3. ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அவ்வறப்பணிக்கே செலவிட வேண்டும். எஞ்சிய 15 விழுக்காட்டைச் சேர்த்து வைக்கலாம். பெருந்திருப்பணிக்கெனக் கூடுதலாகச் சேர்ப்பதாயின் முன்னரே முறைப்படி அறிவித்தல் வேண்டும்.

4. “மூலநிதிக்கு” என நன்கொடையாளர் எழுத்தால் குறித்துத் தந்த பணத்தைத் தனியே வைத்து, சட்டம் குறித்த முதலீடுகளில் இடுதல் வேண்டும். பொறுப்பாளர் தம் சொந்தக் கணக்கில் வைத்திருத்தல் கூடாது.

5. ஒருவர்க்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு, அறப்பணிச் செலவாகக் கொள்ளப்படாது. கொத்தனார்க்கும் சிற்பிக்கும் கூலி தரும்போது இதனை எண்ணுக.

6. உண்டியல் பணம் பெயரறியா நன்கொடையாகும். முழுதும் சமய நோக்கமுடைய ஆலய அறக்கட்டளைக்கு அதனால் வரி இல்லை. அறப்பணி மட்டும் செய்யும் அறக்கட்டளைக்கோ, ஓர் அளவுக்கு மேல் அது 30 விழுக்காடு வரிக்கு உட்படும். எனவே கல்வி அறக்கட்டளைக்கு வரும் ஒவ்வொரு தொகைக்கும் பெயரும் முகவரியும் எழுதுக.

குருமாரும் வருமானமும்

துறவியர்க்கும் ஆலயப் பணியாளர்க்கும் வரி உண்டா என்பது அடுத்த வினா. அனைத்தையும் துறந்து பிஞ்சமும் கமண்டலமும் மட்டும் தாங்கும் திகம்பர முனிவர்க்கு வருமானமே இல்லை. ஆகவே வினாவும் இல்லை. அவர் பெயரால் தொடங்கும் நிறுவனம், பிற நிறுவனங்களைப் போன்றே சட்டத்திற்கு உட்பட்டது.

ஊதியம் பெறும் துறவியரின் நிலை வேறு. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கத் துறவியர் சிலர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றித் தம் சம்பளம் முழுவதையும் தம் சபைக்கே ஒப்படைக்கின்றனர். வறுமை விரதம் பூண்டோர்க்குத் தனி வருமானம் இல்லையாதலால், சம்பளத்தில் வரி பிடித்தம் செய்யலாகாது என்பது அவர்தம் வாதம். 2019ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இதனை ஏற்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளியது. சம்பளம் ஒருவர் பெயரில் வந்து சேரும்போதே அது வருமானமாகிறது. பின்னர் அதனை அவர் எவ்வாறு செலவிடுகிறார், எவர்க்கு ஒப்படைக்கிறார் என்பது வேறு என்பதே இதனால் நாம் அறிவது.

காணிக்கையைப் பற்றியும் ஒரு பழைய தீர்ப்பு உண்டு. திருவனந்தபுரத்தில் வேதாந்தம் போதித்து வந்த கிருஷ்ண மேனன் என்பார்க்கு ஆங்கிலேயச் சீடர் ஒருவர் பெருந்தொகை அளித்து வந்தார். கட்டணம் வாங்காது போதித்தவர்க்குச் சீடர் அன்பால் தந்தது கொடையா, வருமானமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. போதித்தலும் ஒரு தொழிலே; அதன் பயனாக வந்த பொருள் வருமானமே என 1958இல் தீர்ப்பாயிற்று. இலாப நோக்கம் இல்லாமையால் அது தொழில் ஆகாமற் போவதில்லை என்பது அத்தீர்ப்பின் உட்பொருள்.

இதனை நம் ஆலயங்களில் பூசை செய்யும் உபாத்தியாயர்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஆலய அறக்கட்டளை தரும் மாதத் தொகை சம்பளம். திருமணம், கிருகப் பிரவேசம், விதான பூசை ஆகியவற்றில் பெறும் தட்சிணை தொழில் வருமானம். இரண்டும் கணக்கில் வருவன. ஆயினும் அவர்களுள் எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. நம் ஊர்களில் அத்தொகை வரி எல்லையைத் தொடுவது அரிது. தட்சிணையை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி, இயன்றதை வங்கியில் இட்டு, ஆண்டுதோறும் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்து வைத்தால், பிள்ளைகளின் கல்விக் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் அதுவே சான்றாக நிற்கும். ஆலயம் நடத்துவோரும் அவர்தம் ஊதியத்தை வங்கி வழியாகத் தருதல் வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஜினாலயத்தைக் காத்தவர், தமக்கு வருமானம் உண்டெனக் காட்ட ஒரு தாளும் இன்றி வங்கியின் வாசலில் நிற்பது நமக்குப் பெருமை தருவதன்று.

பொய் இரசீது என்னும் வினை

இறுதியாக ஒன்று கூற வேண்டும். நூற்றுக்கு ஐந்தோ பத்தோ தரகு கொடுத்தால் எவ்வளவு வேண்டுமாயினும் நன்கொடை இரசீது கிடைக்கும் எனச் சொல்வோர் உளர். பணம் காசோலையாகச் சென்று, தரகு போக ரொக்கமாகத் திரும்பி வரும். 2025 ஜூலையில் வருமான வரித்துறை இத்தகைய பொய்க் கழிவுகள் குறித்து நாடெங்கும் பல இடங்களில் ஆய்வு நடத்தியது. வேண்டுமென்றே பொய்க் கணக்குக் காட்டியதாக முடிவானால், தவிர்த்த வரியோடு அதனைப் போல் இருமடங்கு தண்டமும் விதிக்கப்படலாம். நிறுவனங்கள் அறிவிக்கும் பட்டியலும் நாம் கோரும் கழிவும் கணினியில் ஒப்பிடப்படும் இக்காலத்தில் அகப்படாமல் இருப்பதும் அரிது.

தண்டத்தை விடப் பெரியது வேறொன்று. தானம் என்னும் பெயரால் பொய் சொல்லுதல், அறத்தின் ஆடையை அணிந்து கள்ளம் செய்வதாகும். ஒரு நிறுவனம் அவ்வாறு இரசீது விற்றால், உண்மையாக உழைக்கும் நூறு நிறுவனங்கள் மீதும் ஐயம் விழும். அதன் சுமையைச் சுமப்போர் அவற்றை நம்பியிருக்கும் ஏழை மாணவரும் நோயாளரும் ஆவர். அவர்களைக் கருதியேனும் அவ்வழியை நாம் தவிர்க்க வேண்டும்.

தொகுத்துக் கூறின்: பழைய முறையில் இருப்போர், ஒப்புதல் பெற்ற நிறுவனத்திற்கு வங்கி வழியாகத் தந்து, சான்று பெற்று, உரிய கழிவைத் தயங்காது கோருக, அது சட்டம் தரும் உரிமை. புதிய முறையில் இருப்போர், கழிவு இல்லை என்று கையை மூடாது, முன்போலவே கொடுத்து வருக. அறக்கட்டளை நடத்துவோர், பிறர் தந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் எவர் கேட்பினும் கணக்குக் காட்டுமாறு நடத்துக.

குடும்பத்துடன் அமர்ந்து சிந்திக்க வினாக்கள்

1. ஆலயத்திற்கு ஒரு மூட்டை அரிசி தந்தவர்க்கும், அன்னதானம் செய்யும் ஒப்புதல் பெற்ற அறக்கட்டளைக்குக் காசோலை தந்தவர்க்கும் வரிக்கணக்கில் உள்ள வேறுபாடு யாது?

2. நம் குடும்பத்தில் ஒவ்வொருவரும் எந்த வரி முறையில் உள்ளனர்? இரு முறையிலும் கணக்கிட்டுப் பார்த்தோமா?

3. நம் ஊர் ஆலய அறக்கட்டளையின் பதிவு எந்நாள் வரை செல்லும்? அதனைக் கவனிக்கும் பொறுப்பு எவருடையது?

4. நம் உபாத்தியாயர்க்குத் தரும் ஊதியத்திற்கு எழுத்துச் சான்று உண்டா?

5. வரிக்கழிவு முற்றிலும் நீங்கிவிட்டால், நம் தானம் குறையுமா?

ஐந்தாம் வினாவிற்கு விடையை எந்த ஆடிட்டரும் கூற இயலாது. அதனை ஒவ்வொரு குடும்பமும் தனக்குள்ளே கண்டுகொள்க. அறம் வளர்க!